பேய் வீடு என்று சொல்லப்படும் இடத்தைக் கருவிகள் கொண்டு சோதிப்பது எப்படி?

ஆள் குடியேறத் தயங்கும் தொட்டிக்கட்டு வீடோ, பொழுது சாய்ந்தபின் யாரும் அருகே போகாத பாழுங்கிணறோ, இழுத்து மூடியபின் இரவுக் காவலுக்கு ஆள் கிடைக்காத நூற்பாலையோ இல்லாத வட்டாரம் கொங்கு நாட்டில் குறைவு. இத்தகைய இடங்களுக்கு இப்போது இளைஞர்கள் இஎம்எஃப் மீட்டரும் (மின்காந்தப் புலத்தை அளக்கும் கருவி) வெப்பமானியும் ஒலிப்பதிவுக் கருவியும் எடுத்துக்கொண்டு இரவில் செல்கிறார்கள். கேள்விப்பட்டதை அப்படியே நம்பாமலும், அப்படியே தள்ளிவிடாமலும், நேரில் போய்ப் பார்க்க விரும்பும் அவர்களுடைய ஆர்வத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கருவியின் விளக்கு எரிந்ததையே சான்றாகக் காட்டிவிட்டுத் திரும்பினால், அங்கே குடியிருக்கும் குடும்பத்துக்கு அது உதவி ஆகாது. பேய் வீடு என்று பெயரெடுத்த வீடு உரிய விலைக்குப் போவதில்லை. அந்த வீட்டுப் பெண்ணைக் காத்து கருப்பு அண்டிவிட்டது என்ற பேச்சு பரவிவிட்டால், அவள் மருத்துவரிடம் போவதுகூடத் தள்ளிப்போகிறது. எனவே சோதனையைச் சரியாகச் செய்வது ஒரு பொறுப்பு என்ற எண்ணத்துடனேயே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

கருவி எதைச் சொல்லும்?

பேயை அளக்கும் கருவி என்று ஒன்று கிடையாது. கடையில் எந்தப் பெயரில் விற்றாலும், ஒவ்வொரு கருவியும் காந்தப் புலம், வெப்பநிலை, காற்றழுத்த மாறுதல், ஒளி என்று ஏதோ ஓர் இயற்பியல் அளவையே காட்டுகிறது. ஆகவே 'கருவி ஏதாவது காட்டுகிறதா?' என்று கேட்பதால் பயனில்லை. போட்டியிடும் இரண்டு விளக்கங்களுள் ஒன்று உண்மையானால் இந்த முள் எந்தப் பக்கம் போகும், மற்றது உண்மையானால் எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு அளக்கவேண்டும்.

இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த முன்மாதிரி, 1853இல் மைக்கேல் ஃபாரடே செய்த சோதனை. பலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து அதன்மேல் கை வைத்தால் மேசை தானாக நகரும் என்றும், அது ஆவியின் செயல் என்றும் அக்காலத்தில் இங்கிலாந்தில் பலர் நம்பினார்கள். ஃபாரடே கைக்கும் மேசைக்கும் இடையே அட்டைகளை இளகிய பசையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி வைத்தார். மேசை முதலில் நகர்ந்து கையை இழுத்திருந்தால் அடியட்டை முந்தியிருக்கவேண்டும். கை முதலில் நகர்ந்திருந்தால் மேலட்டை முந்தியிருக்கவேண்டும். மேலட்டைதான் முந்தியிருந்தது. பிறகு கையின் தள்ளலைக் காட்டும் ஒரு நெம்புகோல் முள்ளை அமர்ந்திருந்தவர்களின் கண்ணெதிரே வைத்தார். அதை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தவரை மேசை நகரவில்லை. அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். தங்கள் கை தள்ளுகிறது என்பது அவர்களுக்கே தெரியவில்லை.

ஆழ்துளைக் கிணற்றுக்கு நீரோட்டம் பார்ப்பவரின் உள்ளங்கையில் தேங்காய் எழுந்து நிற்பதும், விடுதி மாணவர்கள் விரல் வைத்த நாணயம் எழுத்துக்கு எழுத்து நகர்வதும் இதே வகையைச் சேர்ந்தவை. நாணயத்தைச் சோதிக்கக் கருவியே தேவையில்லை: விரல் வைத்திருப்பவர்களின் கண்களைக் கட்டிவிட்டு, அவர்கள் அறியாமல் எழுத்துப் பலகையைத் திருப்பி வையுங்கள். ஆவி நகர்த்தினால் சொல் பிழையின்றி வரவேண்டும். விரல்கள் நகர்த்தினால் எழுத்துகள் குலையும்.

போவதற்கு முன்

உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் பெறுங்கள். பூட்டிய ஆலைக்குள் ஏறிக் குதிப்பது அத்துமீறல் குற்றம். சத்தியமங்கலம், மேட்டுப்பாளையம், வால்பாறைப் பக்கத்து வனவோரங்களில் இரவு நேரத்தில் யானை நடமாட்டம் உண்டு. அங்கே வனத்துறையின் அனுமதியில்லாமல் போகவே கூடாது. பாழுங்கிணற்றில் இறங்காதீர்கள். காற்றோட்டமில்லாத ஆழ்கிணற்றில் கரியமில வாயு தேங்கி ஆக்சிஜன் குறைந்திருக்கலாம்; வெளிக்காற்றில் 20.9 விழுக்காடு இருக்கவேண்டிய ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் கீழே போனாலே ஆபத்தான இடமாகக் கருதவேண்டும். 'அந்தக் கிணறு ஆளை இழுத்துவிடும்' என்ற பேச்சுக்குப் பின்னால் இப்படிப்பட்ட இறப்பு ஒன்று இருந்திருக்கவும் கூடும்.

அடுத்தது விசாரணை. வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் தனித்தனியே உட்காரவைத்து, மற்றவர் சொன்னதைச் சொல்லாமல் கேட்கவேண்டும். எந்த அறை, எந்த மணி, எந்த மாதம், காற்று அடித்ததா, மின்சாரம் இருந்ததா, தோட்டத்து மோட்டார் ஓடியதா, அப்போது தூங்கி எழுந்தாரா, மருந்து ஏதேனும் உட்கொள்கிறாரா என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். விழித்தும் கைகால் அசைக்கமுடியாமல் மார்பின்மேல் ஏதோ அமர்ந்திருந்ததாகச் சொன்னால், அது நம் ஊரில் அமுக்குவான் என்று சொல்லப்படும் உறக்க முடக்கம். அதற்கு மீட்டர் எதுவும் வேண்டாம், மருத்துவரின் ஆலோசனை போதும். 'நள்ளிரவில் தோட்டத்தில் வெளிச்சம் நகர்கிறது' என்று சொன்னால், அன்றைக்கு மும்முனை மின்சாரம் எத்தனை மணிக்கு வந்தது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். டார்ச்சுடன் தண்ணீர் பாய்ச்சப் போனவரின் பெயரே விடையாகக் கிடைக்கலாம். ஆட்டோ ஸ்டார்ட்டர் பொருத்திய மோட்டார், மின்சாரம் வந்ததும் ஆளில்லாமலேயே ஓடத் தொடங்கும் என்பதையும் மறக்கவேண்டாம்.

முதலில் வைக்கவேண்டிய கருவி

ஆவி தேடுபவர்களின் பையில் பெரும்பாலும் இல்லாத கருவி ஒன்றைத்தான் நான் முதலில் வைக்கச் சொல்வேன்: கார்பன் மோனாக்சைடு மானி. இவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, குமட்டல், தலைசுற்றல், மார்பில் பாரம், குழப்பம் ஆகியவற்றை உண்டாக்கிக் கடைசியில் உயிரையும் எடுத்துவிடும். 1921இல் அமெரிக்கக் கண் மருத்துவர் வில்லியம் வில்மர் ஒரு குடும்பத்தின் அனுபவத்தை மருத்துவ இதழில் வெளியிட்டார். காலடி ஓசைகளும் உருவங்களும் அச்சமும் நிறைந்திருந்த அந்த வீட்டில் பழுதான உலை ஒன்று புகையை வீட்டுக்குள்ளேயே விட்டுக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்தபின் அந்த அனுபவங்கள் நின்றுபோயின.

நம் வீடுகளில் அத்தகைய உலை இல்லை. ஆனால் காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர் இருக்கிறது. மின்வெட்டின்போது திண்ணையிலோ படிக்கட்டின் அடியிலோ ஓடும் ஜெனரேட்டர் இருக்கிறது. குளிருக்காக மூடிய அறையில் வைக்கப்படும் கரிச்சட்டி இருக்கிறது. எண்ணைத் திரையில் காட்டும் மானியாக வாங்குங்கள், ஏனெனில் ஐரோப்பியத் தரத்துக்கு உட்பட்ட எச்சரிக்கைக் கருவி 50 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 50 பங்கு வாயு) அளவில் ஒரு மணி நேரத்துக்குப் பிறகும், 300 பிபிஎம் அளவில் மூன்று நிமிடங்களுக்குள்ளும் ஒலிக்கும்படி அமைக்கப்படுகிறது. குறைந்த அளவு வாயு நெடுநேரம் இருந்தால் அது அமைதியாகவே இருக்கும். கீசரையும் ஜெனரேட்டரையும் வழக்கம்போல் ஓடவிட்டு அளக்கவேண்டும். வெளியூர் போனால் தலைவலி தீர்ந்து, வீடு திரும்பினால் மீண்டும் வருகிறது என்று குடும்பத்தார் சொன்னால் அன்றிரவே சன்னல்களைத் திறந்துவைத்து மருத்துவரிடம் அனுப்புங்கள். ஆய்வு பிறகு நடக்கட்டும்.

மின்காந்தப் புலம்

இத்துறையில் பரவலாகப் புழங்கும் கே-2 மீட்டரில் ஐந்து விளக்குகள் மட்டுமே உண்டு. கடைசி விளக்கு 20 மில்லிகாஸுக்கு மேல் என்பதைக் குறிக்கும். (1 மில்லிகாஸ் என்பது 0.1 மைக்ரோடெஸ்லா.) அது ஒரே ஓர் அச்சில்தான் அளக்கிறது, ஆகவே கையைச் சற்றுத் திருப்பினாலே விளக்குகள் மாறும். பக்கத்தில் ஒரு கைப்பேசி கோபுரத்துடன் தொடர்புகொண்டாலும் விளக்குகள் துள்ளும். இதனாலேயே 'கேள்வி கேட்டேன், விளக்கு எரிந்தது' என்ற காணொளிகளை நான் சான்றாக ஏற்பதில்லை. எண்ணைக் காட்டும் மூவச்சு மீட்டர் சற்று விலை கூடினாலும் அதையே வாங்குங்கள். ஓரச்சு மீட்டர்தான் இருக்கிறது என்றால், ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளில் அளந்து, மூன்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கவேண்டும்.

பகலிலேயே வீட்டின் தரைப்படத்தை வரைந்து, ஒரு மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம், தரையிலிருந்து ஒரே உயரத்தில் அளந்து எழுதுங்கள். பேய் இருப்பதாகச் சொல்லப்படும் அறையை மட்டும் அளப்பது வீண். யாரும் அஞ்சாத அறைகளையும், முடிந்தால் அதே தெருவில் அதே காலத்தில் கட்டிய இன்னொரு வீட்டையும் அளந்தால்தான் ஒப்பிட ஏதாவது கிடைக்கும். பிறகு மெயின் சுவிட்சை அணைத்து, எல்லாக் கைப்பேசிகளையும் அணைத்து, அதே புள்ளிகளில் மறுபடி அளக்கவேண்டும். அணைத்ததும் புலம் மறைந்தால் அது வீட்டு ஒயரிங்கின் புலம். மறையாமல் இருந்தால் தெருவிலுள்ள டிரான்ஸ்பார்மர், மேலே செல்லும் மின்கம்பி, சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டு மீட்டர் பெட்டி, விசைத்தறிக் கூடம் ஆகியவற்றைத் தேடுங்கள். மோட்டாரின் புலம் தொலைவு கூடக்கூட மிக விரைவாகக் குறைவதால், இரண்டடி நகர்ந்தாலே மூலம் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும். பழைய வீடுகளில் பேஸ் கம்பி ஒரு சுவரிலும் நியூட்ரல் இன்னொரு சுவரிலுமாகப் போயிருந்தால், அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள அறை முழுவதும் புலம் பரவியிருக்கும். சுவரையோ குழாயையோ தொட்டால் விறுவிறுக்கிறது என்றால் அது மின்கசிவு; மின்பெட்டியைத் தாங்களே திறக்காமல் எலெக்ட்ரீஷியனை வரவழையுங்கள்.

அதிகமான புலம் மூளையைத் தூண்டி உருவங்களைக் காட்டுகிறது என்ற விளக்கமும் ஆய்வாளர்களிடையே உலவுகிறது. கனடாவின் மைக்கேல் பெர்சிங்கர், மெல்லிய காந்தப் புலங்களைத் தலையில் செலுத்தினால் 'யாரோ அருகில் இருக்கும்' உணர்வு வருவதாகச் சொன்னார். 2005இல் சுவீடனில் பேர் கிராங்க்விஸ்ட் குழுவினர், புலம் எப்போது செலுத்தப்படுகிறது என்பதைச் சோதிக்கப்படுபவரும் சோதிப்பவரும் அறியாதபடி அதையே செய்தபோது புலத்துக்கு எந்த விளைவும் தெரியவில்லை. எளிதில் வசப்படும் மனப்பாங்கே அனுபவங்களோடு பொருந்தியது. எனவே மீட்டர் உயர்ந்ததும் 'இதுதான் காரணம்' என்று எழுதிவிடவும் கூடாது.

குளிர்ந்த இடங்கள்

முதலில் வெப்பமானியைச் சோதியுங்கள். நொறுக்கிய பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் அது 0 டிகிரி செல்சியஸ் காட்டவேண்டும். கொதிநீரில் 100 காட்டவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 411 மீட்டர் உயரத்திலுள்ள கோயம்புத்தூரில் தண்ணீர் ஏறத்தாழ 98.6 டிகிரியிலேயே கொதித்துவிடும். இன்னும் நுட்பமாகத் தேவையெனில், தொழிற்சாலைகளுக்காகக் கோவையில் இயங்கும் அளவுத்திருத்தக் கூடங்களில் கட்டணம் கொடுத்துச் சரிபார்க்கலாம்.

நெற்றியில் காட்டும் துப்பாக்கி போன்ற அகச்சிவப்பு வெப்பமானி காற்றின் வெப்பநிலையை அளப்பதே இல்லை. எதிரேயுள்ள பரப்பின் வெப்பநிலையை மட்டுமே காட்டுகிறது. 12:1 என்று குறிப்பிட்ட கருவி ஆறு மீட்டர் தொலைவில் அரை மீட்டர் அகலமுள்ள வட்டத்தின் சராசரியைச் சொல்லும். எவர்சில்வர் பாத்திரத்தை நோக்கினால் அதில் எதிரொளிக்கும் பொருளின் வெப்பத்தையும் கலந்து தவறாகக் காட்டும். ஆகவே அறையின் நடுவே 'குளிர் உருவம்' ஒன்றை இதைக் கொண்டு பிடித்ததாகச் சொல்பவர் பின்சுவரைத்தான் அளந்திருக்கிறார்.

தேவையானது டேட்டா லாகர், அதாவது வெப்பநிலையைக் குறித்த இடைவெளியில் தானாகவே பதிவுசெய்யும் சிறு கருவி. ஒன்றை அந்த அறையிலும், ஒன்றை அஞ்சாத அறையிலும், ஒன்றை ஓட்டுக்கு அடியிலும், ஒன்றை வெளியே நிழலிலும் வைத்து, நிமிடத்துக்கு ஒரு பதிவாக ஒரு வாரமாவது ஓடவிடுங்கள். குளிர் தோன்றியதாகச் சொல்லப்படும் இடத்தில் ஊதுவத்தியைக் கொளுத்தி அதன் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். லாகரில் வெப்பநிலை மாறாமல் புகை மட்டும் சாய்ந்தால், உடலுக்குப் பட்டது காற்றோட்டம். தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் ஓயாமல் வீசுகிறது. அங்கே காற்றாலைகள் வரிசையாக நிற்பதும் அதனால்தான். ஓட்டு இடுக்கு வழியாக அந்தக் காற்று ஒரு கீற்றாக இறங்கி ஒரு கட்டிலின்மேல் மட்டும் விழுவது இயல்பே.

ஓசையும் அதிர்வும்

என் பார்வையில் அதிகப் பலன் தரும் பகுதி இது. 1998இல் இங்கிலாந்தின் கோவெண்ட்ரி நகரைச் சேர்ந்த பொறியாளர் விக் டாண்டியும் டோனி லாரன்சும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டாண்டி வேலை செய்த ஆய்வுக்கூடத்தில் பலருக்கும் அச்சமும் குளிரும் தோன்றின. அவருடைய கண்ணின் ஓரத்திலும் சாம்பல்நிற உருவம் ஒன்று தெரிந்தது. மறுநாள், இடுக்கியில் பொருத்தியிருந்த வாள்விளையாட்டு வாளின் அலகு தானாக அதிர்வதைக் கண்டு காரணத்தைத் தேடினார். புதிதாகப் பொருத்திய காற்றுவெளியேற்றும் விசிறி ஒன்று, காதுக்குக் கேட்காத சுமார் 19 ஹெர்ட்ஸ் குற்றொலியை எழுப்பி, அறைக்குள் நிலை அலையை உருவாக்கியிருந்தது. விசிறியின் அமைப்பை மாற்றியதும் அது மறைந்தது. ஒன்பது மீட்டர் நீளமுள்ள அறையில் ஒலியின் வேகத்தை நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் ஏறத்தாழ 19 ஹெர்ட்ஸ் வரும் என்பதை நீங்களே கணக்கிடலாம். நம் ஆலைகளிலும் பழைய வீட்டு நீள்கூடங்களிலும் இந்த அளவுக்குப் பஞ்சமில்லை.

சாதாரணக் கைப்பேசியின் மைக் குற்றொலியைச் சரியாகப் பதிவு செய்யாது. ஆனால் கைப்பேசிக்குள் அசைவை உணரும் முடுக்கமானி தரையின் மெல்லதிர்வை ஓரளவு பதிவு செய்யும். ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இலவசமாக வழங்கும் ஃபைபாக்ஸ் செயலியை நிறுவி, கைப்பேசியைத் தரையில் இருபக்க ஒட்டுநாடாவால் ஒட்டி, அலைவெண் நிறமாலையை, அதாவது நொடிக்கு எத்தனை முறை அதிரும் அதிர்வு எவ்வளவு வலுவாக உள்ளது என்று காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். பக்கத்துத் தறிக்கூடத்தின் நாடா அடிப்பதை ஒரு நிமிடத்துக்கு எண்ணி அறுபதால் வகுங்கள். நிமிடத்துக்கு 120 அடிகள் என்றால் 2 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 4, 6 ஆகியவற்றிலும் நிறமாலையில் முகடுகள் தெரியவேண்டும். தறி நின்றவுடன் முகடும் மறைந்தால், அலமாரியில் பாத்திரம் கிணுகிணுத்ததற்கும் கதவு மெல்ல நகர்ந்ததற்கும் காரணம் கிடைத்துவிட்டது. மறையவில்லை என்றால் தறி காரணமல்ல என்று எழுதிவிட்டு அடுத்ததைத் தேடுங்கள்.

இங்கும் அவசரம் கூடாது. 2009இல் லண்டனில் கிறிஸ்டோபர் ஃபிரெஞ்சும் உடனாய்வாளர்களும் ஓர் அறையில் 79 பேரைத் தலைக்கு 50 நிமிடம் வீதம் இருக்கவைத்து, சிலருக்குக் குற்றொலி, சிலருக்குக் காந்தப் புலம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை என்று சோதித்தார்கள். பலரும் வினோத உணர்வுகளைச் சொன்னார்கள்; ஆனால் எது செலுத்தப்பட்டது என்பதோடு அவ்வுணர்வுகள் பொருந்தவில்லை. பேய்க்குப் பதிலாகக் குற்றொலியை எல்லாவற்றுக்கும் காரணமாக்குவதும் சோதிக்காத நம்பிக்கையே ஆகும்.

கூரையில் நடக்கும் ஓசைக்கு முடுக்கமானிப் பதிவையும் ஓட்டடி லாகரின் பதிவையும் ஒரே நேரக்கோட்டில் வையுங்கள். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த உத்தரமும் ஓடும் இரவில் குளிர்ந்து சுருங்கும்போது 'டக், டக்' என்று வெடிக்கும். அந்த ஓசைகள் வெப்பம் வேகமாக இறங்கும் மணிகளில் திரளும். எந்த மணிக்கும் வரும் ஓசை என்றால் பரணில் சலித்த சாம்பலைத் தூவி வையுங்கள். மரநாயும் எலியும் தம் கால்தடத்தைத் தாமே எழுதிவிட்டுப் போகும். வெள்ளை முகக் கூகையின் கிறீச்சிடலையும், மயிலின் இரவுக் கூவலையும் முன்கூட்டியே பதிவுசெய்து வைத்துக்கொண்டால் ஒப்பிட எளிது. கரூர், திண்டுக்கல் எல்லையில் 2022இல் அறிவிக்கப்பட்ட கடவூர்த் தேவாங்கு சரணாலயப் பகுதியில், டார்ச் ஒளி பட்டதும் மரத்தில் செந்நிறமாக ஒளிரும் இரு கண்களைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. அந்த உயிரைத் தொந்தரவு செய்யாமல் விளக்கை அணைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

குரல் பதிவுகள்

வெற்றறையில் பதிவுசெய்த இரைச்சலில் மறைந்தவரின் குரல் கேட்கிறது என்ற கருத்து, 1959இல் சுவீடனில் ஃபிரெடரிக் யூர்கன்சன் பறவைகளின் ஒலியைப் பதிவுசெய்ததிலிருந்து பரவியது. நம் காதும் மூளையும் இரைச்சலிலிருந்து சொல்லைத் தேடி எடுக்கப் பழகியவை; எந்தச் சொல் என்று முன்பே சொல்லிவிட்டால் அந்தச் சொல்லே கேட்கும். எனவே பதிவை அழுத்தப்படாத வேவ் வடிவில் வைத்துக்கொள்ளுங்கள். தானாக ஒலியைக் கூட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். இரண்டு கருவிகளை அறையின் இரண்டு மூலைகளில் வையுங்கள். வயிறு இரைந்தாலும் செருப்பு தேய்ந்தாலும் அந்த நொடியிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பதிவில் குறித்துவிடுங்கள்.

சோதனை வீட்டில் முடிவதில்லை. 'குரல்' இருப்பதாகக் கருதும் துண்டுகளையும், அதே இரவின் ஒன்றுமில்லாத துண்டுகளையும் கலந்து எண்ணிட்டு, அந்த இடத்தைப் பற்றியே அறியாத பத்துப் பேரிடம் கொடுத்துத் தனித்தனியே என்ன கேட்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். பத்துப் பேரும் வேறுவேறு சொற்களை எழுதினாலோ, வெறுந்துண்டுகளிலும் அதே அளவு சொற்கள் கேட்டதாக எழுதினாலோ, அது குரல் அல்ல. வானொலி அலைவரிசைகளைத் தொடர்ந்து தாவி, அதில் வரும் சொற்களை ஆவியின் பதிலாகக் கொள்ளும் ஸ்பிரிட் பாக்ஸைச் சோதனைக்கே எடுக்கவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் கொடைக்கானல் பண்பலையும், கணவாய் வழியாக வரும் மலையாள நிலையங்களும் நிறைந்த நம் பகுதியில் அது தமிழ்ச் சொல்லும் மலையாளச் சொல்லும் துண்டுதுண்டாகப் பேசாமல் இருந்தால்தான் வியப்பு.

படங்கள்

ஒளிவட்டங்கள் பெரும்பாலும் லென்ஸுக்கு மிக அருகில் பறக்கும் தூசியோ பூச்சியோ பனித்துளியோ ஃபிளாஷ் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வருபவை. பஞ்சுத்தூசி படிந்த பழைய ஆலைகளில் இவை ஏராளம். இரண்டு கேமராக்களை அரை மீட்டர் இடைவெளியில் வைத்து ஒரே நொடியில் எடுங்கள்: அறையின் நடுவே உண்மையாக மிதப்பது இரண்டிலும் விழும், லென்ஸ் முன் பறப்பது ஒன்றில் மட்டுமே விழும். கைப்பேசியின் இரவுப் படமுறை பல சட்டகங்களைச் சேர்ப்பதால், நடந்து போனவர் ஒளிபுகும் உருவமாகத் தெரிவார். மனித எலும்புக்கூட்டுக் கோடுகளைக் காட்டும் எஸ்எல்எஸ் கேமரா, மனித உருவத்தைத் தேடுவதற்கென்றே எழுதப்பட்ட மென்பொருளால் இயங்குகிறது. நாற்காலியையும் திரைச்சீலையையும்கூட அது ஆளாக்கிவிடும்.

தற்செயலைக் கணக்கிடுதல்

'மூன்று முறை கேட்டோம், மூன்று முறையும் விளக்கு எரிந்தது' என்று சொல்லும் முன், கேட்காதபோது எத்தனை முறை எரிந்தது என்று சொல்லவேண்டும். ஒரு மீட்டர் ஒழுங்கின்றிச் சராசரியாக இரண்டு நிமிடங்களுக்கு ஒரு முறை ஒளிர்கிறது என்று கொள்வோம். கேள்வி கேட்டபின் அரை நிமிடம் காத்திருந்தால், அந்த அரை நிமிடத்தில் அது ஒருமுறையாவது ஒளிர ஏறத்தாழ 22 விழுக்காடு வாய்ப்பு உண்டு. இருபது கேள்வி கேட்டால் நான்கு அல்லது ஐந்து 'பதில்கள்' எந்த ஆவியின் உதவியும் இல்லாமல் கிடைக்கும். அவற்றை மட்டும் வெட்டி ஒட்டிக் காணொளியாக்கினால் பார்ப்பவர் நம்பத்தான் செய்வார்.

ஆகவே நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் கேள்வி கேளுங்கள், பூ விழுந்தால் அதே அரை நிமிடம் மௌனமாக இருங்கள். விளக்கைக் கண்காணிப்பவர் கேள்வி காதில் விழாத இன்னோர் அறையில், கேமரா வழியாக மட்டும் பார்த்து நேரத்தைக் குறிக்கட்டும். எல்லாக் கடிகாரங்களும் கைப்பேசிகளும் தொடக்கத்திலேயே ஒரே நொடிக்கு வைக்கப்படவேண்டும். முடிவில் கேள்வி நேரங்களையும் மௌன நேரங்களையும் ஒப்பிட்டு எண்ணுங்கள். அறைகளை ஒப்பிடும்போதும் இதே முறைதான்: எந்த அறையைப் பற்றிக் கதை இருக்கிறது என்று அறியாத ஒருவர் அளக்கவேண்டும், அறைகளின் வரிசையைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கவேண்டும்.

குடும்பத்துக்குக் கொடுக்கும் அறிக்கை

அளந்த நாள், நேரம், வானிலை, கருவியின் பெயர், அதைச் சரிபார்த்த விதம், ஒவ்வொரு நொடியும் யார் எங்கே இருந்தார் என்ற குறிப்பு ஆகியவற்றோடு, மாற்றம் செய்யாத மூலப் பதிவுகளின் ஒரு பிரதியையும் அவர்களிடம் கொடுங்கள். காரணம் கிடைத்த நிகழ்வுகள், கிடைக்காத நிகழ்வுகள், சோதிக்கவே முடியாதவை என்று மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள். காரணம் கிடைக்காததை 'அமானுஷ்யம் உறுதி' என்று எழுதுவதற்கு உங்கள் மீட்டர்களில் எதுவும் அதிகாரம் தரவில்லை. 'கற்பனை' என்று எழுதவும் தரவில்லை. வீட்டின் முகவரியையோ, அஞ்சிய பெண்ணின் அல்லது குழந்தையின் அடையாளத்தையோ எங்கும் வெளியிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு, மின்கசிவு, சாயும் சுவர் போன்றவற்றை முதல் பக்கத்திலேயே, யாரை அழைக்கவேண்டும் என்ற குறிப்புடன் எழுதுங்கள். ஆடியில் காற்று வீசும்போது கேட்ட ஓசையை மார்கழியில் போய்த் தேடிவிட்டு 'ஒன்றும் இல்லை' என்று முடிக்காமல், அதே மாதத்தில், அதே மணியில், பக்கத்துத் தறி ஓடும் நாளிலும் ஓடாத நாளிலுமாக மீண்டும் ஒருமுறை லாகரை வைப்பதற்கு அவர்களிடம் நாள் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.